கோமுவின் சம்மதம்

தொண்ணூத்திரண்டுல எங்க அஞ்சு பேரைக் கனடாவுக்கு அனுப்புனாவ. ஒரு சேவைச் சங்கத்தோட ஏற்பாடு. அவுக ஊர்லேர்ந்து அஞ்சு பேர் இங்கன வந்து நெல்லையப்பர் கோயிலு, மணிமுத்தாறு அணை, மாஞ்சோலைத் தேயிலைன்னு ஒரு சுத்து சுத்திட்டுப் போவாவ. நம்ம ஆளுக அஞ்சு பேர் அங்கன போய் ஆறு வாரம் அவுக வீடுகள்லயே தங்கி, அவுக பனியையும் பள்ளிக்கூடத்தையும் பாத்துட்டு வரணும். சும்மா ஊர் சுத்த இல்ல. பாத்ததுல ஒண்ணையாவது நம்ம ஊர்ல செஞ்சு காட்டணும்னு எழுதி வாங்கிட்டுத்தான் டிக்கெட்டையே கையில குடுத்தாவ.

என் பேர் காந்திமதிநாதன். பாளையங்கோட்டைல ஒரு காலேஜ்ல விலங்கியல் வாத்தியார். பிள்ளைகளுக்குத் தவளை அறுக்கச் சொல்லிக்குடுத்தே தலை நரைச்சவன். எங்க அஞ்சு பேர்ல ஒருத்தர் திரும்பி வந்து மூணு கலர்ல குப்பைத்தொட்டி வச்சார். மூணாம் நாள் மூணு தொட்டியையும் காணல. இன்னொருத்தர், கூட்டம்னா சொன்ன நேரத்துக்கு ஆரம்பிக்கணும்னு ஒரு இயக்கமே நடத்துனார். அவர் மட்டும் வந்து தனியா உக்காந்திருப்பார், பாவம். மூணாமத்தவர் கோட்டு தச்சுக்கிட்டதோட சரி. மிஞ்சினது நானும் காஜா முகைதீனும்.

காஜாவுக்கு மேலப்பாளையத்துல வீடு, ஜங்ஷன்ல மருந்துக்கடை. என்னைவிட ஆறு வயசு இளையவன். அங்கன எங்க ரெண்டு பேரையும் ஒரே வீட்டுல விட்டிருந்தாவ. வீட்டுக்காரர் ரிட்டயர் ஆன தபால்காரர். ஒருநாள் கார் ஓட்டுத லைசென்ஸ எடுத்துக் காட்டுனார். நான் செத்தா என் கண்ண எடுத்துக்கலாம்னு அதுலயே கையெழுத்துப் போட்டு வச்சிருந்தார். பெருமையா எல்லாம் காட்டல, பஸ் பாஸ் காட்டுத மாதிரி காட்டிட்டு மறுபடியும் பைக்குள்ள வச்சுக்கிட்டார். அது எங்க ரெண்டு பேர் மண்டைக்குள்ளயும் போய் உக்காந்துட்டு.

ஊருக்கு வந்து கண் தானம்னு ஆரம்பிச்சோம். செத்து ஆறு மணி நேரத்துக்குள்ள எடுத்துரணும். எந்தத் தெருவுல யார் போனாலும் காஜா கடைக்குத்தான் முதல்ல தெரியும், ஊசி மருந்து வாங்கிக்கிட்டு இருந்த ஆளு திடீர்னு வரலன்னா கதை முடிஞ்சதுன்னு அர்த்தம். அவன் காலேஜுக்குப் போன் பண்ணுவான். நான் ஸ்கூட்டர எடுத்துக்கிட்டு ஓடுவேன். சாத்தான்குளத்துல ஒரு வீட்டுல, அடுத்த பிறவில குருடனாப் பிறக்கவால, போ வெளியன்னு விளக்குமாத்த எடுத்தாவ. காஜாவ அவுக பள்ளிவாசல்லயே கூப்பிட்டுத் திட்டுனாவ. ரெண்டு பேரும் மசியல. அஞ்சு வருசத்துல அறுபத்தொரு பேர் கண்ணு வாங்கிக் குடுத்தோம்.

இந்த வேலைக்குன்னு நான் கண்டுபிடிச்ச ஒரு முறை உண்டு. சாவு வீட்டுல அழுதவுககிட்டக் கேக்கப்பிடாது. கேட்டா செருப்பு பிய்யும். பந்தலுக்கு ஆள் அனுப்பி, ஐஸுக்குச் சொல்லி, வெளியூருக்குப் போன் பண்ணச் சில்லறை எடுத்துக் குடுத்துக்கிட்டு ஒருத்தர் நிப்பார் பாருங்க, மச்சினனோ, பெரியப்பா மகனோ, அவரப் பைய ஓரமாத் தள்ளிக்கிட்டுப் போய்ப் பேசணும். அவருக்கு அழ நேரம் கிடையாது. பத்து ஏற்பாட்டோட இது பதினொண்ணாவது ஏற்பாடுன்னு தலையாட்டிருவார். அப்பறம் அவரே உள்ள போய் உரிமைப்பட்டவுககிட்டக் கையெழுத்து வாங்கிட்டு வந்துருவார். அந்த நேரத்துல சொந்தக்காரன் நீட்டுத காகிதத்த எவனும் வாசிக்கமாட்டான். காஜாவையும் இப்படித்தான் பழக்கி வச்சிருந்தேன். இதுல எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

என் வீட்டுக்காரி கோமு இதுக்கெல்லாம் ஒரு நாளும் மறுப்புச் சொன்னதில்ல. நான் எந்தச் சாவு வீட்டுக்குப் போயிட்டு வந்தாலும் வாசல்லயே வாளித் தண்ணியோட நிப்பா. சோறு ஆறிப்போச்சேன்னு மட்டும் முணங்குவா. தொண்ணூத்தஞ்சுல ஒருநாள் சாயங்காலம், முருங்கைக்கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தா. எங்க மக சித்ரலேகா பக்கத்துல உக்காந்து ரெக்கார்டு நோட்டுல படம் வரைஞ்சுக்கிட்டு இருந்தா. நான் உறுதிமொழி அட்டைய நீட்டி, "ஊருக்கெல்லாம் எழுதி வாங்குதேன், வீட்டுக்காரி போடலன்னா நல்லாவா இருக்கு, ஒரு கையெழுத்துப் போடு"ன்னேன்.

"நான் போடமாட்டேன்" அப்படின்னா. தலைய நிமித்தவே இல்ல.

"ஏம்ட்டி? நீயும் குருடாப் பிறப்பேன்னு பயப்படுதியா?"

"எனக்கு அந்தப் பயமெல்லாம் இல்ல. சிவகணேஷ என்கிட்ட முழுசாக் காட்டல. நான் அவன்ட்ட முழுசாப் போணும்."

சிவகணேஷ் எங்க மூத்தவன். எம்பத்திரண்டுல, நாலு வயசுல, குறுக்குத்துறைல ஆத்தோட போயிட்டான். ஆத்துல போனதுனால போலீஸ் கேஸு, ஆஸ்பத்திரில அறுத்துத்தான் குடுத்தாவ. வெள்ளத்துணியச் சுத்தித் தச்சுக் குடுத்துட்டு, அவுத்துப் பாக்கவேண்டாம்னு சொல்லிட்டாவ. நாங்களும் பாக்கல. பதிமூணு வருசம் கோமு அந்தப் பேச்ச எடுத்ததே கிடையாது. அன்னைக்குத்தான் எடுத்தா, அதுவும் கீரைய ஆஞ்சுக்கிட்டே.

"நீங்க ஊருக்கு என்னவும் செய்யுங்க. நல்லதுதான் செய்யுதிய. என்னைய மட்டும் யாரும் தொடப்பிடாது."

"சரி, சவத்த விடு" அப்படின்னேன்.

"விடுன்னு சொன்னா பத்தாது. தொட விடமாட்டேன்னு சொல்லுங்க."

"தொட விடமாட்டேன். போதுமா?"

சித்ரா பென்சில வச்சுட்டு எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்தா. அப்ப அவளுக்குப் பதினஞ்சு வயசு.

தொண்ணூத்தேழு புரட்டாசில கோமு போயிட்டா. ரேசன் கடைல சீனிக்கு நின்னவ வரிசைலயே சரிஞ்சுட்டா. ஆட்டோல டாக்டர்கிட்டக் கொண்டுபோயிருக்காவ. அவர் நாடியப் பாத்துட்டு, வீட்டுக்கே கொண்டு போங்கன்னு சொல்லிட்டார். எனக்கு அப்ப மூணாவது பீரியட். பியூன் வந்து வெளிய கூப்பிட்டுச் சொன்னான். நான் திரும்பி உள்ள போய், மீன் செவுள்ல ரத்தம் எப்படி ஓடுதுன்னு பாதில நின்ன வரிய முடிச்சுட்டுத்தான் கிளம்பியிருக்கேன். பிள்ளைக பிற்பாடு சொன்னாவ. எனக்கு ஞாபகம் இல்ல.

வீட்டுல அவளக் கூடத்துல படுக்க வச்சிருந்தாவ. எனக்கு ஒண்ணும் தோணல. நெஞ்சு அடைக்கும், கண்ணு இருட்டும்னு சொல்லுவாவள்லா, அதெல்லாம் ஒரு மண்ணும் இல்ல. பல்லு பிடுங்க ஊசி போட்டா வாய் எப்படி இருக்கும், அப்படி இருந்துச்சு உடம்பு பூரா. யாரோ ஒரு நாற்காலியப் போட்டு உக்காரச் சொன்னாவ, உக்காந்தேன். காப்பி குடுத்தாவ, குடிச்சேன். எதுக்கெடுத்தாலும் சவம், சவம்னு பேசுதவன் நான். அன்னைக்கு ஒருத்தர் கோமுவச் சுட்டி அந்த வார்த்தையச் சொன்னப்பதான், இத்தனை நாளா நாம என்னத்தச் சொல்லிக்கிட்டு இருந்தோம்னு இருந்துச்சு.

ஒன்றரை மணிக்கு அம்பாசமுத்திரத்துலேர்ந்து கோமுவோட அண்ணன் கோமதிசங்கர் வந்தாச்சு. பத்து நிமிசம் தங்கச்சி காலப் பிடிச்சு அழுதார். அப்பறம் முகத்தத் துடைச்சுட்டு வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, பந்தலுக்கு ஒருத்தன், ஐஸுக்கு ஒருத்தன்னு அனுப்ப ஆரம்பிச்சார். கருப்பந்துறைச் சுடுகாட்டுக்கு எத்தனை மணிக்குக் கொண்டுபோகணும்னு நாலு பேர் அவர்ட்டதான் கேட்டாவ.

அப்பதான் காஜா வந்தான். என்னையக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதான். மதினி, மதினின்னு அழுதான். நான் அவன் முதுகத் தட்டிக்குடுத்தேன், செத்தது அவன் வீட்டு ஆள் மாதிரி. கொஞ்ச நேரம் என் பக்கத்துல நின்னான். கைக்கடிகாரத்தப் பாத்தான். அப்பறம் பைய நகந்து போய் வாசல்ல பந்தல்கம்பு பக்கத்துல கோமதிசங்கரத் தள்ளிக்கிட்டுப் போனான்.

என்ன பேசுதாவன்னு எனக்குக் கேக்கல. கேக்கணும்னும் இல்ல. நான் பழக்கிக் குடுத்த பேச்சுல்லா அது. இந்த இடத்துல கையப் பிடிப்பான், இந்த இடத்துல நேரம் சொல்லுவான்னு எனக்குத் தெரியும். அவன் கையப் பிடிச்சான். மச்சான் தலையாட்டிட்டார். அண்ணாச்சி வீட்டுல இதக் கேக்கணுமா, மதினி எப்பவோ எழுதிக் குடுத்திருப்பாவன்னு காஜா சொல்லியிருக்கான். ஆமா, என் தங்கச்சி கண்ணு சும்மாவா போகும்னு இவர் சொல்லியிருக்கார். ரெண்டு பேர்ட்டயும் ஒரு பொட்டுக் கெட்ட எண்ணம் கிடையாது.

ரெண்டே கால் மணிக்குக் கண் வங்கிலேர்ந்து மணிராஜ் வந்துட்டான். எனக்கு நல்லாப் பழக்கமான பையன், இருபது தடவையாவது சேந்து போயிருப்போம். கையில ஐஸ் பெட்டி. வாசல்ல செருப்பக் கழட்டிட்டு, என்னப் பாத்துக் கும்பிட்டான். கூடத்துல இருந்த நாப்பது அம்பது பேரும் அந்தப் பெட்டியப் பாத்தாவ, அப்பறம் என்னப் பாத்தாவ. அந்தப் பார்வைல ஒரு மரியாதை இருந்துச்சு.

கோமதிசங்கர் காகிதத்தக் கொண்டுவந்து, ஒரு பஞ்சாங்கத்த அடில வச்சு நீட்டுனார். "மாப்ள, ஒரு கையெழுத்து."

எவனும் வாசிக்கமாட்டான்னு சொன்னேம்லா, நான் வாசிச்சேன். "இறந்தவர் உயிரோடு இருந்தபோது இதற்கு மறுப்பு ஏதும் தெரிவித்ததில்லை என உறுதி கூறுகிறேன்" அப்படின்னு மூணாவது வரி. இங்கிலீஷ்லேர்ந்து அதத் தமிழ்ல எழுதிக் குடுத்தவனே நான்தான்.

அதிர்ச்சில கையெழுத்துப் போட்டுட்டேன், புத்தி மரத்துப் போயிருந்துச்சுன்னு சொல்லித் தப்பிச்சிரலாம். மரத்துத்தான் போயிருந்துச்சு. ஆனா உள்ளுக்குள்ள ஒரு மூலைல மட்டும் மூளை சுறுசுறுன்னு வேலை பாத்துச்சு. நான் மாட்டேன்னு சொன்னா நாளைக்கு எந்த வீட்டு வாசல்ல கால் வைக்க முடியும்? உன் பொண்டாட்டி கண்ணக் குடுத்தியாலன்னு கேக்கமாட்டானா? அறுபத்தொரு வீட்டுக்காரவுகளும் நம்மள ஏமாத்திட்டான்னு நெனைக்கமாட்டாவளா? அவதான் வேண்டாம்னுட்டான்னு சொல்லலாம். நாக்கு வரைக்கும் வந்துச்சு. வெளிநாடு போயிட்டு வந்து ஊரத் திருத்துதவன், கட்டுன பொண்டாட்டியத் திருத்த முடியலன்னு சொல்லுவாவளேன்னு அதையும் முழுங்கிட்டேன். இதான் நடந்தது. இதுல ஒரு வார்த்தை கூடக் குறைய இல்ல.

கோமு கால்மாட்டுல இருந்து சித்ரா, "அப்பா" அப்படின்னு கூப்பிட்டா. சத்தமா எல்லாம் இல்ல. ஒரே தடவதான்.

நான் திரும்பாமயே கையெழுத்தப் போட்டேன். என் கையெழுத்து எப்பவும் போல நல்லா இருந்துச்சு.

எல்லாரையும் வெளிய அனுப்பிக் கதவச் சாத்துனாவ. இருபது நிமிசம். நான் முத்தத்துல நின்னேன். சித்ரா கதவ ஒட்டி நின்னா. அவ அத்தைக்காரி இழுத்துப் பாத்தா, வரல. மணிராஜ் வெளிய வந்து கைய நல்லாக் கழுவித் துடைச்சுக்கிட்டு என் பக்கத்துல வந்தான். "சார், ரொம்ப நல்ல கண்ணு சார்" அப்படின்னான். ஆறுதலாத்தான் சொன்னான். எல்லா வீட்டுலயும் சொல்லுததுதான்.

பதினாறாம் நாள் கழிஞ்சு சங்கத்துல ஒரு இரங்கல் கூட்டம் வச்சாவ. சொன்ன நேரத்துக்கே ஆரம்பிச்சாவ, ஹால் நிறைஞ்சிருந்துச்சு. சங்கத்தோட பெரிய பொறுப்புல இருக்கவர் மதுரைலேர்ந்து வந்திருந்தார். வெளிநாட்டுக்கு அனுப்புதியளே, போயிட்டு வந்தவுக என்னத்தக் கிழிச்சாவன்னு கேக்குதவுகளுக்கு, இந்தா, இந்த அம்மாதான் பதில் அப்படின்னு கோமு படத்தக் காட்டுனார். கை தட்டுனாவ. என்னையப் பேசச் சொன்னாவ. நான் எந்திரிச்சுப் போய் மைக்கப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். என்ன சொல்லணும்னு ஒண்ணும் யோசிக்கல. "அவ ரொம்ப ஆசைப்பட்டா" அப்படின்னேன். அவ்வளவுதான். உக்காந்துட்டேன்.

அன்னைக்கே இருநூத்திப் பதினாலு பேர் அட்டைல எழுதிக் குடுத்தாவ, பாதிக்கு மேல பொம்பளைக. அதுக்கு முந்தி நாங்க கரடியாக் கத்துனாலும் பொம்பளைக எழுத மாட்டாவ. ஒரு பத்திரிகைக்காரத் தம்பி சித்ராகிட்டப் போய், அம்மா உங்ககிட்ட இதப் பத்திப் பேசியிருக்காங்களான்னு கேட்டான். "அப்பாட்டக் கேளுங்க. அம்மா அப்பாட்டதான் சொன்னா" அப்படின்னுட்டு அவ எந்திரிச்சுப் போயிட்டா.

அதுக்கப்பறம் வேலை ரொம்ப லேசாப் போச்சு. சாவு வீட்டுல நான் வாயத் திறக்கவேண்டியதே இல்ல. என்னப் பாத்ததும் வழி விடுவாவ. எட்டு மாசத்துல நாப்பத்து மூணு பேர். அஞ்சு வருசத்துல அறுபத்தொண்ணு, எட்டு மாசத்துல நாப்பத்து மூணு. கோமுவோட ஒரு கண்ணு ஒரு நெசவாளிக்கும் இன்னொண்ணு பள்ளிக்கூடம் போற ஒரு பிள்ளைக்கும் வச்சிருக்குன்னு மணிராஜ் சொன்னான். ஊர், பேர் சொல்லக்கூடாது. நான் காத்துக்கிட்டு இருந்தேன், அதக் கேட்டு ஒரு சந்தோசம் வரும், இல்லன்னா ராத்தூக்கம் போகும், ரெண்டுல ஒண்ணு நடக்கும்னு. ரெண்டும் நடக்கல. நல்லாத் தூங்குனேன், நல்லாச் சாப்பிட்டேன், தவளை அறுக்கச் சொல்லிக்குடுத்தேன். சித்ரா மூணு வேளையும் சமைச்சுப் போட்டா. என்ன வேணும், எப்ப வருவிய, இந்த ரெண்டு கேள்விக்கு மேல அவ என்கிட்டப் பேசல. பரீட்சை நேரம், படிக்கான்னு நானும் விட்டுட்டேன்.

மே மாசம் அவ பிளஸ் டூ முடிச்சதும் சங்கத்துலேர்ந்து ஒரு நல்ல சேதி வந்துச்சு. படிக்கிற பிள்ளைகள ஒரு வருசம் வெளிநாட்டுக்கு அனுப்புத திட்டத்துல, இந்த வருசம் நம்ம சித்ரலேகா, டென்மார்க்குக்கு. கோமு அம்மாவோட மகள்னு சொன்னதும் தேர்வுக் குழுல வேற பேச்சே இல்லியாம்.

ஒரு ஞாயித்துக்கிழமை காலைல நான் பேப்பர் வாசிச்சுக்கிட்டு இருந்தேன். காஜா கடைலேர்ந்து பத்து நாளாப் போனே இல்ல, ஊர்ல ஒரு சாவும் இல்ல போலன்னு நெனைச்சுக்கிட்டேன். சித்ரா ஒரு கட்டுக் காகிதத்தக் கொண்டுவந்து முன்னால வச்சா. டென்மார்க் பாரம். அஞ்சாறு இடத்துல நான் கையெழுத்துப் போடணும். அங்கன பிள்ளைக்கு உடம்புக்கு ஏதும்னா ஆபரேசன் பண்ணலாம், அதுக்குப் பெத்தவன் சம்மதிக்கேன்னு ஒரு பக்கம் இருந்துச்சு. ஒவ்வொண்ணாப் போட்டேன். கடைசில ரூல் போட்ட நோட்டுலேர்ந்து கிழிச்ச ஒத்தைத் தாள் ஒண்ணு இருந்துச்சு.

"இதுலயும் போடணுமா?"

"அதுல நீங்க போடவேண்டாம். வாசிச்சா போதும்" அப்படின்னா.

சித்ரா கையெழுத்து. "நான் அங்கே இறந்தாலும் இங்கே இறந்தாலும் என் உடம்பிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது. என் அம்மாவும் இதைத்தான் சொன்னாள். அவள் வாயால் சொன்னாள், நான் எழுதி வைக்கிறேன். இந்த விசயத்தில் என் அப்பாவின் கையெழுத்து செல்லாது." கீழ அவ பேர், தேதி. அதுக்கும் கீழ சாட்சின்னு போட்டு ரெண்டு கையெழுத்து. ஒண்ணு அவ மாமா கோமதிசங்கர். இன்னொண்ணு காஜா முகைதீன்.

எனக்கு வெக்கமா இருந்துச்சு. காது ரெண்டும் சுட்டுச்சு. கோமு போனதுலேர்ந்து எனக்குன்னு தோணுன மொத விசயம் அதுதான். தாள மடிக்கவும் தெரியல, கீழ வைக்கவும் தெரியல.

"காஜாட்ட என்னட்டி சொன்ன?"

"அம்மா சொன்னதச் சொன்னேன். நீங்க சரின்னு சொன்னதையும் சொன்னேன்."

"அதுக்கு அவன் என்ன சொன்னான்?"

"எங்கன கையெழுத்துப் போடணும்னு கேட்டாவ."